ஏலத்தில் பழம்பொருள்: விலையும் வரலாறும்

பழைய வீட்டை இடிக்கும்போதும், பெரியவர்கள் மறைந்தபின் பாகம் பிரிக்கும்போதும், மூன்று தலைமுறை சேர்த்த பொருட்கள் ஒரே வாரத்தில் வாசலுக்கு வந்துவிடுகின்றன. பித்தளை எடைக்குப் போகிறது. தேக்குத் தூண் கனஅடிக் கணக்கில் போகிறது. சட்டமிட்ட படங்களும் பீங்கான் சாமான்களும் தரகர் கைக்கு மாறுகின்றன. இசைத்தட்டுகளை மூட்டையாகக் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். இவற்றில் ஒரு சிறு பகுதிதான் ஏலக்கூடத்தை அடைகிறது. அங்கே அதே பொருளுக்குப் பல மடங்கு விலை கிடைக்கக்கூடும்.

எடைக்குப் போன பொருளுக்கும் ஏலத்துக்குப் போன பொருளுக்கும் என்ன வேறுபாடு? ஏலம் பழம்பொருட்களைக் காப்பாற்றுகிறதா, சிதறடிக்கிறதா? வீட்டு அலங்காரப் பொருட்கள், இசைத்தட்டுகள், கலைச் சின்னங்கள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு இந்தக் கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழம்பொருளின் மதிப்பில் பெரும்பங்கு, அது யாரிடம் இருந்தது, எங்கிருந்து வந்தது, எதற்குப் பயன்பட்டது என்ற செய்தியில் இருக்கிறது. அந்தச் செய்தியோடு பொருளைக் கைமாற்றும் ஏலம் ஒரு பண்பாட்டுப் பணி. செய்தியை உதிர்த்துவிட்டுப் பொருளை மட்டும் விற்கும் ஏலம், எத்தனை லட்சம் ஈட்டினாலும், எல்லோருக்கும் இழப்பு.

ஏலத்தின் முறையும் சட்டமும்

இன்றும் இயங்கும் ஏல நிறுவனங்களில் மிகப் பழமையானது 1674-இல் தொடங்கிய ஸ்டாக்ஹோம் ஏலக்கூடம். லண்டனில் சோத்பீஸ் 1744-இல் ஒரு நூலகத்தின் புத்தகங்களை விற்றுத் தொழிலைத் தொடங்கியது. கிறிஸ்டீஸ் 1766-இல் வந்தது. இந்தியாவில் கம்பெனி ஆட்சிக் காலத்திலேயே, ஊர் திரும்பும் ஆங்கிலேயர்கள் தட்டுமுட்டுச் சாமான்களை ஏலத்தில் விற்றுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். அந்த மரபின் தொடர்ச்சியாகக் கல்கத்தாவின் ரஸ்ஸல் தெருவில் 1940-இல் தொடங்கிய ரஸ்ஸல் எக்ஸ்சேஞ்ச், ஞாயிற்றுக்கிழமை ஏலங்களால் பெயர் பெற்றது.

முறை எளிமையானது. விற்பவர் பொருளை ஒப்படைக்கிறார். நிறுவனம் அதை ஆராய்ந்து, லாட் எண் கொடுத்து, மதிப்பீட்டு விலையோடு பட்டியலில் சேர்க்கிறது. ஏலத்துக்கு முன் பொருள் பார்வைக்கு வைக்கப்படும். சேகரிப்பவருக்கு ஏல நாளைவிட இந்தப் பார்வை நாளே முக்கியம். விரிசல், ஒட்டு, புதுப் பூச்சு எல்லாம் அன்றுதான் கண்ணில் படும். அதன்பின் விலைக் கேள்வி தொடங்கி, ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று முடிகிறது.

நம் நாட்டில் இதற்கான சட்டம் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். அதன் 64-ஆம் பிரிவைப் பழம்பொருள் வாங்குவோர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். சுத்தியல் விழுந்தாலோ, வழக்கமான வேறு முறையில் முடிவை அறிவித்தாலோ மட்டுமே விற்பனை முடிகிறது. அதுவரை கேட்டவர் தன் கேள்வியைத் திரும்பப் பெறலாம். முன்கூட்டியே அறிவிக்காமல், விற்பவர் தாமோ தம் ஆள் மூலமோ கேள்வி ஏற்றக் கூடாது. பொய்க் கேள்வியால் விலையை உயர்த்தினால், வாங்கியவர் அந்த விற்பனையைச் செல்லாததாக்கலாம்.

சுத்தியல் விழும் விலையோடு செலவு நிற்பதுமில்லை. 1975-இல் லண்டனில் கிறிஸ்டீஸும் சோத்பீஸும் வாங்குபவரிடமும் 10 சதவீதம் தரகு வாங்கத் தொடங்கின. இன்று பெரிய நிறுவனங்கள் பலவற்றில் அது கால் பங்கை ஒட்டி நிற்கிறது. ஒரு லட்ச ரூபாய்க்குக் கேட்டவர் ஒன்றேகால் லட்சமும், அதற்குமேல் வரியும் வண்டிச் சத்தமும் கொடுக்க வேண்டியிருக்கும்.

முறைகேடு இரு பக்கத்திலும் நடந்திருக்கிறது. வியாபாரிகள் தமக்குள் போட்டியிடாமல் ஒருவரை மட்டும் கேட்கவிட்டுப் பிறகு பொருளைத் தனியே பங்கிட்டுக்கொள்வதைத் தடுக்க, பிரிட்டன் 1927-இல் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. 2000-இல், உலகின் இரு பெரும் ஏல நிறுவனங்களும் தரகு விகிதத்தைத் தமக்குள் பேசிவைத்திருந்தது வெளிப்பட்டது. வாடிக்கையாளர்களுக்கு 51.2 கோடி டாலர் கொடுத்து அவை வழக்கைத் தீர்த்துக்கொண்டன. சோத்பீஸின் தலைவராக இருந்தவர் சிறை சென்றார்.

நேர்மையாக நடக்கும் ஏலத்திலும் ஓர் ஆபத்து உண்டு. எண்ணெய் வயல் ஏலங்களை ஆராய்ந்த மூன்று பொறியாளர்கள் 1971-இல் அதை விளக்கினார்கள். பொருளின் உண்மை மதிப்பு யாருக்கும் சரியாகத் தெரியாதபோது, எல்லோரிலும் அதிகமாகக் கணித்தவரே ஏலத்தை எடுக்கிறார். ஆகவே வென்றவர் பெரும்பாலும் கூடுதலாகக் கொடுத்தவராகவே இருப்பார். பழம்பொருளின் மதிப்பு எண்ணெயைவிடவும் மங்கலானது. இதற்கு அனுபவசாலிகள் சொல்லும் மருந்து ஒன்றே: கூடத்துக்குள் நுழையுமுன் மேல்வரம்பை எழுதி வைத்துக்கொண்டு, அதைத் தாண்டாமல் இருப்பது.

விலை எங்கிருந்து வருகிறது

2020 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஒரு சிறிய ஏல நிறுவனத்தின் தபால் பெட்டியில் யாரோ ஒரு மூக்குக்கண்ணாடியைப் போட்டுவிட்டுச் சென்றார்கள். தம் உறவினர் ஒருவர் தென்னாப்பிரிக்காவில் வேலை பார்த்தபோது காந்தியிடமிருந்து பெற்றது என்பது அந்தக் குடும்பத்தில் வழங்கிவந்த செய்தி. நிறுவனம் 15,000 பவுண்டு வரை போகலாம் என்று மதிப்பிட்டது. 2,60,000 பவுண்டுக்குப் போனது. அந்தக் கம்பியும் கண்ணாடி வில்லையும் அக்காலத்தில் எத்தனையோ பேர் அணிந்த சாதாரணப் பொருள்தான். விலை முழுவதும் அதனுடன் வந்த வரலாற்றுக்கு.

இசைத்தட்டிலும் இதே விதி. பீட்டில்ஸ் குழுவின் 1968-ஆம் ஆண்டு வெள்ளை உறை ஆல்பம் லட்சக்கணக்கில் விற்றது. பழைய கடைகளில் இன்றும் கிடைக்கும். ஆனால் உறையில் 0000001 என்று எண்ணிட்டு, ரிங்கோ ஸ்டார் தம் வசம் வைத்திருந்த பிரதி 2015 டிசம்பரில் 7,90,000 டாலருக்குப் போனது. வயது, அருமை, நிலைமை, அழகு ஆகிய நான்கும் விலையை உயர்த்துகின்றன. யாருடையது, எங்கிருந்தது என்ற ஐந்தாவது காரணமோ விலையை வேறொரு தளத்துக்கே கொண்டுபோய்விடுகிறது. அதனால்தான் இந்தச் செய்தியை அழிப்பதும் பொய்யாகப் புனைவதும் இத்துறையின் தீராத நோய்களாக இருக்கின்றன.

செட்டிநாட்டு வீடுகள் சொல்வது

தமிழகத்தில் வீட்டுப் பழம்பொருள் சந்தை என்றால் காரைக்குடி. அங்கே முனீஸ்வரன் கோவில் தெருவில் வரிசையாக நிற்கும் கடைகள் நாடெங்கும் அறியப்பட்டவை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940-கள் வரை, பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் கட்டிய வீடுகள்தாம் அந்தக் கடைகளின் ஊற்று. பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியக் கண்ணாடி, ஜப்பானியச் சித்திர ஓடு, ஸ்வீடனின் எனாமல் பாத்திரம் எனப் பல நாட்டுப் பொருட்கள் ஒரே வளவுக்குள் சேர்ந்தன. பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த சாமான்கள் புழக்கத்துக்கு வராமலே அறைகளில் பூட்டி வைக்கப்பட்டதால், மங்குச் சாமான்களும் மரவைகளும் வண்ணம் கெடாமல் தப்பின.

1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்ததும், பின்னர் அங்கே நிலங்கள் அரசுடைமையானதும் இந்த வளத்தின் வேரை அறுத்தன. வீடுகள் பல பங்காளிகளுக்குப் பொதுச் சொத்தாக நின்றன. பராமரிப்புச் செலவு ஏறியது. ஒரு முற்றத்தை ஐந்து பேர் பிரித்துக்கொள்ள முடியாது. பிரித்து விற்ற காசை ஐந்து பேர் பங்கிட முடியும். தூணும் நிலையும் கதவும் தனித்தனியாகப் பெயர்ந்து, நட்சத்திர விடுதிகளுக்கும் நகரத்து வீடுகளுக்கும் போன கதை இதுதான்.

இங்கே விற்றவரைப் பழிப்பது நியாயமல்ல. ஒழுகும் கூரையின் கீழ் மரபைக் காக்கச் சொல்வது, காக்கும் செலவை ஏற்காதவர்களுக்கு எளிது. ஆனால் விற்கும் முறையில் வேறுபாடு காட்ட முடியும். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடு ஒன்று பெயர்த்து எடுத்து வந்து மறுபடி கட்டப்பட்டிருக்கிறது. முகப்பு எது, பட்டாலை எது, எந்தத் தூண் எங்கே நின்றது என்ற ஒழுங்கு அங்கே தப்பியது. அதே காலத்தைச் சேர்ந்த ஒரு தூண் எங்கோ ஒரு விடுதியின் வரவேற்பறையில் தனியாக நிற்கும்போது, மரம் மட்டுமே தப்பியிருக்கிறது.

பொருளோடு செய்தியைச் சேர்த்து வைக்கும் பழக்கம் நமக்குப் புதிதும் அல்ல. பாத்திரத்தில் பெயர் வெட்டுவது தமிழ் வீடுகளின் பழைய வழக்கம். கொடுத்தவர் பெயர், பெண்ணின் பெயர், ஊரின் முதலெழுத்து, சிலவற்றில் தேதி என்று வெண்கலப் பானையின் கழுத்திலேயே வரலாறு இருக்கிறது. அதைத் தேய்த்து மெருகேற்றி விற்கும் வியாபாரி, பொருளின் பிறப்புச் சான்றை அழிக்கிறார். பெயர் வெட்டிய பாத்திரத்துக்குக் கூடுதல் விலை கொடுக்கச் சேகரிப்பவர்கள் முன்வந்தால் இந்த அழிவு தானே குறையும்.

அயல்நாட்டுச் சாமான்களுக்கு வேறு சான்றுகள் உண்டு. இறக்குமதிப் பொருளில் உற்பத்தி நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890-இல் சட்டம் இட்டபின், ஏற்றுமதியாளர்கள் அடியில் முத்திரை குத்துவது பரவியது. செக்கோஸ்லோவாகியா என்று முத்திரை இருந்தால் அது 1918-க்குப் பிந்தையது. நிப்பான் என்பது பெரும்பாலும் 1921-க்கு முந்தையது. ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான் என்று இருந்தால், போருக்குப் பின் 1952-க்குள் செய்தது.

இசைத்தட்டு: பொருளும் குரலும்

மரமும் பித்தளையும் கண்ணுக்குத் தெரியும். இசைத்தட்டின் உள்ளடக்கம் ஊசி தொட்டால்தான் வெளிவரும். அதனால்தான் அது மற்றப் பொருட்களைவிட எளிதாகக் குப்பைக்குப் போனது, அதனால்தான் அதன் இழப்பும் பெரிது.

1902 நவம்பரில் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானின் குரலைப் பதிவுசெய்தார். பாட்டின் முடிவில் கௌஹர் ஜான் தம் பெயரை ஆங்கிலத்தில் அறிவிப்பார். தட்டு அச்சாகும் ஜெர்மனியின் ஹனோவர் ஆலையில் இருப்பவர்கள் பாடியவரை அடையாளம் காண அது உதவியது. குரலிலேயே பதிந்த முத்திரை அது. 1908-இல் கல்கத்தாவிலேயே ஆலை வந்தது. தெற்கில் கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றவர்களின் குரல்கள் தட்டுகளில் பரவின. தாயியின் பாட்டில் மனம் பறிகொடுத்த பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் தெலாழ், அதை அடியாகக் கொண்டு ‘ராகமாலிகா’ என்ற, குரலுக்கும் பியானோவுக்குமான இசையை எழுதினார். நாடக மேடையை ஆண்ட எஸ். ஜி. கிட்டப்பா 1933-இல், 27 வயதில் மறைந்தார். பேசும் படம் எதிலும் அவர் நடிக்கவில்லை. அந்தக் குரல் நமக்குக் கேட்கக் கிடைப்பது தட்டுகளால் மட்டுமே. 1930-களில் சென்னையில் ஏ. வி. மெய்யப்பன் பங்காளிகளோடு நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஜெர்மனியின் ஓடியன் நிறுவனத்தோடு சேர்ந்து தட்டுகளை வெளியிட்டது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் என்ற எல்லைக்குள் ஆலாபனையும் கீர்த்தனையும் அடங்க வேண்டியிருந்ததால், அன்றைய வித்துவான்கள் சுருக்கிப் பாடும் ஒரு தனிக் கலையையே வளர்த்தார்கள்.

78 சுற்றுத் தட்டு அரக்கால் ஆனது. அரக்கோடு கல்மாவும் கரியும் சேர்த்து அழுத்தி எடுப்பார்கள். உலகத் தட்டுத் தொழிலுக்கு வேண்டிய அரக்கில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே போனது. கீழே விழுந்தால் உடையும். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும் என்பதால், ஸ்பிரிட் கொண்டு துடைத்தால் பாட்டே போய்விடும். 1948-இல் அமெரிக்காவில் வினைல் எல்.பி. வந்தபின்னும் இந்தியாவில் சாவி கொடுக்கும் கிராமபோன்கள் ஏராளமாகப் புழங்கியதால், 1960-களிலும் அரக்குத் தட்டுகள் அச்சாயின. பீட்டில்ஸ் பாடல்கள்கூட இங்கே 78 சுற்றில் வந்தன. உலக ஏலங்களில் அந்த இந்தியப் பதிப்புகளைத் தேடி வாங்குபவர்கள் இன்று உண்டு.

வினைலின் கதையில் ஒரு திருப்பம் நேர்ந்தது. 1990-களின் தொடக்கத்தில் இந்தியாவில் அதன் உற்பத்தி ஒலிநாடாவிடமும் குறுந்தகட்டிடமும் தோற்று நின்றது. எக்கோ நிறுவனம் வெளியிட்ட இளையராஜாவின் எல்.பி.கள் அப்போது மலிவாகக் கிடைத்தன. இப்போது அவை போட்டியில் விற்கின்றன. 1980-களின் தொடக்கத்தில் பம்பாய் இசைக்கலைஞர் சரண்ஜித் சிங், பத்து ராகங்களை மின்னணுக் கருவிகளில் அமைத்து ஒரு எல்.பி. வெளியிட்டார். அன்று யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒரு டச்சு சேகரிப்பாளர் அதை இந்தியாவில் கண்டெடுத்து 2010-இல் மறுபதிப்பு செய்தபின், பிற்கால மின்னணு நடன இசைக்கு முன்னோடியாக உலகம் அதைக் கொண்டாடியது. சந்தை மறந்ததை ஒரு சேகரிப்பவரின் காது மீட்டது. அமெரிக்காவில் 2020-இல் வினைல் விற்பனை வருவாய் 1980-களுக்குப் பின் முதல்முறையாகக் குறுந்தகட்டை முந்தியது.

ஏலத்தில் தட்டு வாங்குபவர் பார்க்க வேண்டியவை சில. லேபிளின் பட்டியல் எண்ணும், ஊசி ஓடாத உள்வட்டத்தில் பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண்ணும் பதிவையும் அச்சையும் அடையாளம் காட்டும். நிலைமையைச் சொல்லும் தரக்குறிகள் விற்பவரின் பார்வையைப் பொறுத்தவை என்பதால், வாய்ப்பிருந்தால் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். 78 சுற்றுக்கு அகன்ற ஊசி தேவை. எல்.பி. ஊசி பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலையே எழுப்பும். படுக்க வைத்து அடுக்கக் கூடாது. உறையைத் தூக்கி எறியக் கூடாது. விற்ற கடையின் முத்திரை, பரிசளித்தவரின் கையெழுத்து, பாட்டுப் புத்தகம் எல்லாம் அந்தத் தட்டின் வரலாற்றுப் பகுதிகள்.

போலியும் களவும்

செய்திக்கு விலை இருப்பதால் செய்தியைப் புனைபவர்களும் இருக்கிறார்கள். புதுப் பித்தளையை அமிலத்தில் நனைத்தும் மண்ணில் புதைத்தும் பழையதாக்குகிறார்கள். பழைய சட்டத்துக்குள் புதுத் தஞ்சாவூர் ஓவியத்தைப் பொருத்துகிறார்கள். பளபளக்கும் புனல் வைத்த கிராமபோன்களில் கணிசமானவை, கைப்பெட்டி கிராமபோனின் மோட்டாரைப் புதுப் பெட்டிக்குள் வைத்துக் கட்டியவை. கூட்டல் குறித் தலைகொண்ட திருகாணி 1930-களில்தான் சந்தைக்கு வந்தது. 1910-ஆம் ஆண்டுக் கருவி என்று சொல்லப்படும் பெட்டியில் அது இருந்தால், குறைந்தது அந்த இடத்திலாவது பிற்காலக் கைவேலை நடந்திருக்கிறது.

இதைவிடக் கொடியது களவுப் பொருளுக்குப் பொய் வரலாறு எழுதுவது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட சோழர் கால நடராசர், நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர் வழியாக 2008-இல் ஆஸ்திரேலியத் தேசிய கலைக்கூடத்துக்கு 50 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. தொல்பொருள் சட்டம் வருமுன்பே சிலை இந்தியாவை விட்டு வெளியேறியதாகக் காட்டப் போலி ஆவணம் இருந்தது. அதைப் பொய்யாக்கியது, புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கோயிலிலேயே எடுத்து வைத்திருந்த பழைய புகைப்படம். 2014-இல் நடராசர் நாடு திரும்பினார். ஆராய்ச்சிக்காக யாரோ பொறுமையாக எடுத்து வைத்த ஒரு படம், கோடிகள் கொடுத்து வாங்கிய ஆவணத்தை வென்றது.

சட்டமும் அறமும்

1972-இல் இயற்றப்பட்டு 1976-இல் நடைமுறைக்கு வந்த தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத கலை, கைவினை, வரலாற்றுப் பொருட்கள் தொல்பொருள்களாகக் கருதப்படும். அறிவியல், வரலாற்று, இலக்கிய மதிப்புடைய சுவடிகளுக்கும் ஆவணங்களுக்கும் 75 ஆண்டு போதும். வைத்திருப்பது குற்றமல்ல. தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தொழிலாக விற்க உரிமம் வேண்டும். சிற்பம், ஓவியம் போன்ற குறிப்பிட்ட வகைகளைப் பதிவு செய்ய வேண்டும். ரவி வர்மா, அம்ரிதா ஷெர்கில், ஜாமினி ராய் உட்பட ஒன்பது ஓவியர்களின் படைப்புகள், வயது எதுவானாலும், கலைப் பொக்கிஷங்களாக நாட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். யானைத் தந்தத்தால் ஆன பொருளை விற்பதும் வாங்குவதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

இந்த நூறு ஆண்டு என்பது நகரும் எல்லை. கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருளையும் சட்டம் குறிப்பிடுகிறது. 1920-களில் எழுந்த செட்டிநாட்டு வீடுகளின் கதவும் தூணும், அக்காலத் தட்டுகளும் இப்போது ஆண்டுக்கு ஆண்டு அந்த எல்லைக்குள் வந்துகொண்டிருக்கின்றன. நேற்றுவரை வெறும் பழைய சாமானாக விற்றவர் இனிச் சட்டத்தைப் படித்தாக வேண்டும்.

சட்டம் அனுமதித்தாலும் விற்கத் தகாதவை உண்டா? 1898-இல் பிப்ரவாவில் வில்லியம் பெப்பே அகழ்ந்தெடுத்த, புத்தரின் எலும்பு எச்சங்களோடு புதைக்கப்பட்ட மணிகள் 2025 மே மாதம் ஹாங்காங்கில் சோத்பீஸ் ஏலத்துக்கு வந்தன. இந்திய அரசும் உலகெங்குமுள்ள பௌத்தர்களும் எதிர்த்ததும் ஏலம் தள்ளிவைக்கப்பட்டது. கோத்ரெஜ் குழுமம் வாங்க, ஜூலையில் மணிகள் நாடு திரும்பின. வழிபாட்டுக்குரியதை விலைப்பட்டியலில் சேர்ப்பது தவறு என்றே நான் கருதுகிறேன். அந்த ஏல அறிவிப்பு வந்ததால்தான் நூறு ஆண்டுக்கு மேலாக ஒரு குடும்பத்திடம் இருந்தது பொதுவெளிக்கு வந்தது என்பதும் உண்மை. ஏலத்தின் பகிரங்கத் தன்மைக்கு இந்த நன்மை உண்டு. கடையின் பின்னறையில் நடக்கும் கைமாற்றத்துக்கு அது கிடையாது.

சேகரிப்பவர் செய்ய வேண்டியது

செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் கலைஞராக இருந்த ரோஜா முத்தையா, புத்தகம், இதழ், நாடக நோட்டீஸ், கடிதம், அழைப்பிதழ் என்று ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகளைச் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபின் அவை உருப்படி உருப்படியாகப் பிரிந்து விலைபோயிருந்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை கிடைத்திருக்கும். தமிழ்ப் பதிப்புலக வரலாற்றின் ஒரு பகுதி தொலைந்திருக்கும். 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அதை மொத்தமாக வாங்கி, தமிழகத்திலேயே நூலகமாக நிறுத்தியது. சேகரிப்பு கலையாமல் இருந்ததால்தான் அது ஆய்வுக்கு உதவுகிறது. மும்பையில் 1990-இல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கமும், தனியார் அலமாரிகளில் இருந்த தட்டுகளைப் பட்டியலிட்டுப் பகிரும் வேலையைச் செய்தது.

இவற்றிலிருந்து நடைமுறைக்கு வரக்கூடிய சில முடிவுகளை எடுக்கலாம். விற்கும் குடும்பங்கள், பொருள் வாசலைத் தாண்டுமுன் அது இருந்த இடத்திலேயே படமெடுத்து, தெரிந்த பெரியவரிடம் கேட்டு இரண்டு வரி எழுதிக் கூடவே கொடுக்க வேண்டும். அது விலையையும் உயர்த்தும். ஏல நிறுவனங்கள் எந்த ஊர், யார் வீடு என்று தெரிந்ததைப் பட்டியலில் அச்சிட வேண்டும். பழைய பட்டியல்களை ஆய்வாளர்களுக்குத் திறந்து வைக்க வேண்டும். சேகரிப்பவர் ஒவ்வொரு பொருளுக்கும் ரசீது, லாட் எண், முந்தைய உரிமையாளர் அடங்கிய பதிவேடு வைத்து, அரிய தட்டுகளை எண்ணியல் வடிவாக்கி ஒரு நூலகத்துக்கு நகல் தர வேண்டும். தமக்குப் பின் சேகரிப்பு எங்கே போக வேண்டும் என்று உயிலில் எழுத வேண்டும். அரசு, பதிவு நடைமுறையை எளிதாக்கி, நேர்மையாகப் பதிவு செய்ய வருபவர் அலையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏலம் காப்பாற்றுகிறதா, சிதறடிக்கிறதா என்ற கேள்விக்கு, ஏலமுறை தானாக இரண்டையும் செய்வதில்லை என்பதே விடை. அது பொருளை, அதற்கு அதிக விலை தரத் துணிபவரிடம் சேர்க்கிறது, அவ்வளவே. அவர் பெயர் வெட்டிய பாத்திரத்தைத் தேய்க்கப் போகிறாரா, அந்தப் பெயருக்கு உரியவரைத் தேடப் போகிறாரா என்பதில்தான் நம் மரபின் இருப்பும் இழப்பும் அடங்கியிருக்கின்றன. பணம் கொடுத்ததால் பொருளுக்கு உரிமையாளர் ஆகிவிடலாம். அதன் வரலாற்றுக்குக் காவலராக இருக்க உழைப்பும் நேர்மையும் வேண்டும். அந்த இரண்டாம் பொறுப்பையும் ஏற்கத் துணிந்தவரே ஏலத்தில் கை தூக்க வேண்டும்.